புதுப்பிப்பு: கார்மிஷ் புத்தாண்டு ஸ்கீ ஜம்பிங், போய் வந்தாச்சு

மியூனிக்கிலிருந்து ஜனவரி 1 அன்று ஜெர்மனியின் கார்மிஷ் பார்ட்டன்கிர்ஷன் ஊரில் நடக்கும் ஸ்கீ ஜம்பிங் (பனிச்சறுக்கில் வந்து சரிவிலிருந்து தாவும்) போட்டிக்கு ஒரே நாளில் போய்வர முடியுமா, குளிரை எப்படிச் சமாளிப்பது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முடியும். பயர்ன் டிக்கெட் (பவேரியா மாநிலத்துக்குள் ஒரு நாள் செல்லும் ரயில் டிக்கெட்) ஒன்றே எனக்கும் மனைவிக்கும் போதுமாக இருந்தது. வார நாளில் காலை 9 மணிக்கு மேல்தான் செல்லும், ஆனால் புத்தாண்டு விடுமுறை என்பதால் அந்தக் கட்டுப்பாடு இல்லை, சீக்கிரமே கிளம்பிவிட்டோம். ரயில் பயணம் ஒன்றரை மணி நேரத்துக்குள்தான்.

குளிருக்குப் பலர் பல யோசனை சொன்னீர்கள். உண்மையில் வேலை செய்தது காலுக்கடியில் அட்டை போட்டு நிற்பது! நான் சிரித்தேன், மனைவி மடித்து எடுத்து வந்தாள், கடைசியில் அதற்கு இருவரும் சண்டை.

எதிர்பாராதது இரண்டு. குளிரில் என் போன் அணைந்துபோனது, நுழைவுச்சீட்டைத் தாளில் அச்சிட்டு வைத்திருந்ததால் தப்பித்தோம். அப்புறம், முதல் சுற்றில் 50 பேரும் இருவர் இருவராக மோதுகிறார்கள், வென்ற 25 பேரோடு தோற்றவர்களில் சிறந்த 5 பேரும் அடுத்த சுற்றுக்குப் போகிறார்கள். இது தெரியாமல் பாதி நேரம் விழித்துக்கொண்டிருந்தோம்.