கலங்கரை விளக்கின் உயரம்: ‘சுடர்மட்டம்’ என்று சொல்லலாமா?

அனைவருக்கும் வணக்கம். கலங்கரை விளக்கின் ஒளி கடலுக்கு மேல் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதை ஆங்கிலத்தில் ‘focal height’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் பேச்சில் வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> ‘விளக்கு உயரம்’ என்றாலே புரிகிறதே, புதுச்சொல் எதற்கு?

புரியாது ஐயா. லண்டி தீவை வைத்துப் பார்ப்போம். இங்கிலாந்தின் டெவன் கடற்கரைக்கு எதிரே, பிரிஸ்டல் துறைமுகத்துக்குப் போகும் கடல்வழியில் இருக்கும் சின்னத் தீவு அது. இங்கிலாந்தின் கலங்கரை விளக்குகளைப் பார்த்துக்கொள்ளும் டிரினிட்டி ஹவுஸ் நிறுவனம் 1819இல் அங்கே ஒரு குன்றின் மேல் கருங்கல் கோபுரம் எழுப்பியது. கோபுரம் 29 மீட்டர். குன்றோ கடலுக்கு மேல் 120 மீட்டருக்கும் அதிகம். இப்போது இதன் ‘விளக்கு உயரம்’ என்ன? கட்டடக்காரர் 29 என்பார், மாலுமி சுமார் 150 என்பார்.

மாலுமிக்கு இது வெறும் கணக்கு இல்லை. அதே கோபுரம் கடலோரத்தில் நின்றிருந்தால், நீருக்கு 5 மீட்டர் மேலே கண் இருக்கும் ஒருவருக்குப் பூமியின் வளைவு மறைக்காமல் சுமார் 16 கடல்மைல் வரைதான் தெரியும். குன்றின் மேல் ஏற்றியதால் 30 கடல்மைல் கிடைக்கிறது. குன்றைத் தேர்ந்தெடுத்ததே இதற்காகத்தான்.

ஆனால் அந்த உயரமே அதற்கு வினையாயிற்று. கீழே கடல் தெளிவாக இருக்கும்போதே மேலே மேகமும் மூடுபனியும் விளக்கை மறைத்துவிடும். கப்பல்காரர்களின் புகார் ஓயவில்லை. 1860களில் தீவின் மேற்குச் சரிவில், இன்னும் தாழ்வான இடத்தில், பீரங்கி மேடை ஒன்று கட்டினார்கள். விளக்கு தெரியாத நேரத்தில் வெற்றுவேட்டு போட்டுக் கப்பல்களை எச்சரிக்க. அதுவும் போதவில்லை. கடைசியில் 1897இல் தீவின் வடமுனையிலும் தென்முனையிலும் இரண்டு புதிய விளக்குகள் வந்தன. அவற்றின் ஒளி கடலுக்கு மேல் 48, 53 மீட்டரில்தான். குன்றின் மேலிருந்த பழைய விளக்கை அணைத்துவிட்டார்கள். இன்று அந்தக் கட்டடத்தில் சுற்றுலாப் பயணிகள் தங்குகிறார்கள்.

கோபுரத்தில் எந்தக் குறையும் இல்லை, ஒளி இருந்த மட்டம்தான் கெடுத்தது. அந்த ஒன்றைத் தனியாகச் சொல்ல நம்மிடம் ஒரு பெயர் வேண்டும்.

> ‘குவிய உயரம்’ என்று வைக்கலாமே?

பள்ளியில் இயற்பியல் படித்தவர் காதில் இது ‘குவியத் தூரம்’ மாதிரி விழும், லென்சின் அளவு என்று நினைத்துக்கொள்வார். ‘ஒளிமட்டம்’ என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அது வெளிச்சம் கூடுதலா குறைவா என்பதைத்தான் சொல்கிறது. ஒளிப்படக்காரர்கள் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள்.

என் பரிந்துரை ‘சுடர்மட்டம்’. நீர்மட்டம், கடல்மட்டம் என்று நாம் தினமும் சொல்லும் வரிசையில் அப்படியே உட்கார்ந்துகொள்கிறது. எல்ஈடி விளக்கில் சுடர் ஏது என்று கேட்கலாம். சூரியனையும் சந்திரனையும் ‘இருசுடர்’ என்றவர்கள் நாம், சுடர் என்றால் தீக்கொழுந்து மட்டும் இல்லை.

இன்னொரு வசதி. லண்டியின் பழைய கோபுரத்தில் மேலும் கீழுமாக இரண்டு விளக்குகள் இருந்தன. கீழ் விளக்கு நிலையாக எரிந்தது. மேல் விளக்கு மின்னி மின்னி எரிய வேண்டியது, ஆனால் மிக வேகமாகச் சுழன்றதால் இருட்டு இடைவெளியே தெரியவில்லை. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் சேர்ந்து ஒரே நிலைவிளக்காகத் தோன்றின. 1828 நவம்பரில் ஒரு பிரெஞ்சுக் கப்பல் மூடுபனியில் இதைப் பிரான்சின் உஷான்ட் தீவு விளக்கு என்று எண்ணிவந்து மோதியது. கப்பலில் இருந்த 19 பேரில் 13 பேர் இறந்தார்கள். இதைத் தமிழில் விளக்கி எழுத ‘மேற்சுடர்மட்டம்’, ‘கீழ்ச்சுடர்மட்டம்’ என்று பிரிக்க முடிகிறது. ‘விளக்கு உயரம்’ இங்கே உதவாது.

அகராதிக்கு இப்படி எழுதலாம் என்று நினைக்கிறேன்:

சுடர்மட்டம் (பெ.): பெரிய ஓதம் (அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல்நீர் மிகுதியாக ஏறுவது) ஏறி நிற்கும் சராசரி நீர்மட்டத்திலிருந்து கலங்கரை விளக்கின் ஒளிமூலம் வரை உள்ள உயரம். கட்டடத்தின் உயரத்தைக் குறிக்க ‘கோபுர உயரம்’ காண்க.

அளவை இந்தப் பெரிய ஓத மட்டத்திலிருந்து எடுப்பது பிரிட்டிஷ் கடல் வரைபட வழக்கம். எல்லா நாட்டு வரைபடங்களுக்கும் பொருந்தும்படி ‘வரைபடம் குறிப்பிடும் நீர்மட்டத்திலிருந்து’ என்று பொதுவாக வைப்பதா? கடல்வழித் துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள், அதன்படி திருத்திவிடலாம்.