பெரிய அமெரிக்கக் கூபேக்கள் (இரண்டு கதவுக் கார்கள்): நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

வுட்வர்ட்வாசி:
டெட்ராய்ட் அருகே வுட்வர்ட் சாலையில் ஆகஸ்டில் நடக்கும் பழைய கார் ஊர்வலமான ட்ரீம் க்ரூஸில், ராயல் ஓக் ஊர்ப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். மஸ்டாங் பார்த்தே சலித்துவிட்டது. அப்போது சிக்னலில் ஒரு லிங்கன் மார்க் 5, எழுபதுகளின் சொகுசுக் கார், வந்து நின்றது. கத்தியால் சீவிய மாதிரி விளிம்புகள். 19 அடிக்கு மேல் நீளம், கதவு இரண்டே இரண்டு. பின்னால் முட்டை வடிவச் சின்ன ஜன்னல் வழியாக ஒரு பாட்டி என்னைப் பார்த்தார். பச்சை விழுந்தது. முன்பக்கம் என்னைத் தாண்டிப் போய்விட்டது, வண்டி இன்னும் வந்துகொண்டே இருக்கிறது! “ஹால் சோபாவை ரோட்டுல விட்ட மாதிரி இருக்கு” என்றாள் மனைவி. எனக்கு வாயே திறக்கவில்லை.

ரிவியேரா_ரசிகன்:
முட்டை ஜன்னல், டிக்கியில் ஸ்டெப்னி மாதிரி ஒரு வீக்கம் (உள்ளே ஸ்டெப்னி கிடையாது, வெறும் வேஷம்). இதெல்லாம் நகை மாட்டுவது சார், உருவம் அல்ல. 1971 ப்யூக் ரிவியேராவைப் பாருங்கள். ஒஹாயோவில் ஒரு மளிகைக்கடை வாசலில், மழையில் பார்த்தேன். பின்கண்ணாடி படகின் வால் மாதிரி கூம்பி டிக்கியில் இறங்குகிறது. நடுமுதுகில் விழுந்த தண்ணீர் இரண்டாகப் பிரிந்து ஓடியது. டிக்கி மூடியின் காற்றுப் பிளவில் ஒரு மேப்பிள் இலை. 71இல் மட்டும்தான் அந்தப் பிளவு. மூன்றே வருடம்தான் வைத்திருந்தார்கள் அந்த வாலை, பாவிகள்.

பழைய_சாவி:
பக்கத்து வீட்டில் 1970 லிங்கன் மார்க் 3. இரவில் அணைத்து நிறுத்தினால், விடிவதற்குள் ஒரு ஹெட்லைட் மூடி மட்டும் பாதி திறந்திருக்கும், கும்பகர்ணன் ஒற்றைக் கண்ணால் பார்ப்பது போல. மூடியை இழுத்துப் பிடிப்பது எஞ்சின் காற்றை உறிஞ்சும் விசைதான்; அந்தக் குழாயில் கசிவு, அவ்வளவுதான்.

வாங்க நினைப்பவர்களுக்கு: முதலில் வினைல் கூரையை (தகரத்தின் மேல் ஒட்டிய பிளாஸ்டிக் உறை) பாருங்கள். பின்கண்ணாடி ஓரத்தில் விரலால் அழுத்துங்கள். கொப்புளம் தட்டுப்பட்டால் அடியில் துரு. பளபளப்பில் மயங்க வேண்டாம். மழைக்கு மறுநாள் போய் டிக்கி விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். 7.5 லிட்டர் எஞ்சின், பெட்ரோல் கணக்கை வீட்டில் முன்பே பேசிவிடுங்கள். அப்புறம் கராஜின் நீளம். கதவும் நீளம், பக்கத்தில் இன்னொரு வண்டி நின்றால் இறங்க முடியாது.

வுட்வர்ட்வாசி:
அண்ணே, வாங்குவதாக நான் எங்கே சொன்னேன்? பச்சை விழுந்தும் அந்தப் பாட்டி முகத்தைத் திருப்பவே இல்லை. அதுதான் இன்னும் மண்டைக்குள் குடைகிறது.