புதுப்பிப்பு: பழைய லேப்டாப் கேட்டிருந்தேனே, அது என்னாச்சுன்னா

போன மாசம் எங்க லினக்ஸ் (விண்டோஸ் மாதிரி, ஆனா இலவசமா கிடைக்கிற இயங்குதளம்) குழுவுக்காக, அரசுப் பள்ளி பசங்களுக்கு ஞாயிறு கிளாஸ் எடுக்க லேப்டாப்பும் கொஞ்சம் பணமும் கேட்டிருந்தேன்ல, ஒன்பது லேப்டாப் வந்துடுச்சுங்க, எல்லாருக்கும் மனசார நன்றி. அதுல ஆறு லேப்டாப்ல ஹார்ட் டிஸ்க்க எடுத்துட்டு, அத விட வேகமான எஸ்எஸ்டி போட்டு, லுபுண்டுங்கிற லேசான லினக்ஸ் ஏத்தியாச்சு, சும்மா பறக்குது.

80ஜி, அதாவது நன்கொடைக்கு வருமான வரியில கிடைக்கிற கழிவு பத்தி நிறைய பேர் கேட்டீங்க. எங்க குழுவுக்கு அந்தப் பதிவு இருக்கு, ஆனா பழைய வரி முறையில இருந்தாத்தான் கழிவு கிடைக்கும், ரொக்கமா 2000 ரூபாய்க்கு மேல குடுத்தா அதுவும் கிடையாது, அதனால யுபிஐல போட்டுட்டு பான் நம்பர் அனுப்புங்க, நன்கொடைக்கான 10பிஇ சான்றிதழ நாங்க உங்களுக்குத் தரணும். சிங்கப்பூர்ல இருந்து கேட்ட அண்ணா, நீங்க இன்னும் இந்தியக் குடிமகன்னா உங்க சொந்தப் பணத்த தாராளமா அனுப்பலாம், அந்த ஊர் சிட்டிசன் ஆகிட்டீங்கன்னா எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவு இல்லாம நாங்க வாங்கக்கூடாது, தப்பா எடுத்துக்காதீங்க.

கிளாஸுக்கு உதவ ஆளுங்கதான் இன்னும் பத்தல. ஃபார்ம்ல பேர் குடுத்தது பதினாலு பேர், வந்தது மூணு பேர். அப்புறம் ஒவ்வொருத்தருக்கா போன் பண்ணி "இந்த ஞாயிறு இந்த ஒரு வேலை மட்டும்"னு கேட்டப்போ இன்னும் நாலு பேர் வந்தாங்க, இனிமே இப்படித்தான் கேக்கப்போறேன். இப்போதைக்கு தமிழ் டைப்பிங் சொல்லித்தர ஒருத்தர் வேணும், காலைல ரெண்டு மணி நேரம் போதும்.