அந்த 7,100 கணக்கை முதலில் விளக்குங்கள், பிறகு துணிப்பையைக் கேலி செய்யலாம்

செம்பருத்தி:
குப்பையில்லா வாழ்க்கை பற்றிய இழையில் தராசுமுள் எழுதிய ஒரு வரி என்னைச் சும்மா இருக்க விடவில்லை. பருத்தித் துணிப்பையை 7,100 முறை பயன்படுத்தினால்தான் சுற்றுச்சூழல் பாதிப்பில் அது பிளாஸ்டிக் பைக்கு ஈடாகும் என்றும், ஆகவே துணிப்பையோடு கடைக்குப் போகிறவர்கள் தங்களைத் தாங்களே ஏமாற்றிக்கொள்கிறார்கள் என்றும் தீர்ப்பு எழுதிவிட்டுப் போயிருக்கிறார். வாரத்துக்கு ஒரு முறை என்று வைத்தால் 136 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். படிப்பவர் சிரிப்பார் என்று தெரிந்தே பொறுக்கி எடுத்த எண் இது. எதை எதோடு ஒப்பிட்டார்கள் என்பதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

தராசுமுள்:
கேட்பதற்கு முன் தேடியிருக்கலாம். டென்மார்க்கின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2018-இல் வெளியிட்ட, கடைப் பைகள் தயாரிப்பு முதல் கழிவாகும்வரை ஏற்படுத்தும் பாதிப்பு பற்றிய அறிக்கையில் அந்த எண் உள்ளது. வழக்கமான பருத்திக்கு 7,100, இயற்கை முறையில் விளைந்த பருத்திக்கு 20,000. நான் சிறிய எண்ணைத்தான் எழுதினேன். அந்தக் கருணைக்காவது நன்றி சொல்லியிருக்கலாம். பாசன நீர், உரம், பூச்சிக்கொல்லி, நூற்பு, சாயம் எல்லாவற்றையும் கடந்துதான் உங்கள் பை உங்கள் தோளுக்கு வருகிறது. பாலிமர் வேதியியலைப் பாடமாகப் படித்தவனுக்கு இதை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை.

செம்பருத்தி:
அறிக்கையை நானும் படித்தேன். அதே அட்டவணையில், பருவநிலைப் பாதிப்பை மட்டும் கணக்கிட்டால் வழக்கமான பருத்திப் பைக்கு 52 முறை போதும் என்று இருக்கிறது. வாரம் ஒரு முறை என்றால் ஓராண்டு. 7,100 என்பது எல்லாப் பாதிப்புகளையும் தனித்தனியே கணக்கிட்டு, அவற்றுள் மிக மோசமான ஒன்றைப் பிடித்து எழுதிய எண். அதை அவ்வளவு உயரத்துக்கு இழுத்துச் சென்றது ஓசோன் படலச் சிதைவு என்ற ஒரே கட்டம். இயற்கைப் பருத்திப் பையின் கொள்ளளவு அவர்கள் வைத்த 22 லிட்டர் அளவுக்குச் சற்றுக் குறைந்ததால், ஒரு பைக்குப் பதில் இரண்டு பைகளாகக் கணக்கிட்டதும் அங்கேதான் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, தெருவிலும் கடலிலும் சேரும் குப்பையை அந்த அறிக்கை கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை. பிளாஸ்டிக் பையின் முதன்மைக் குற்றத்தைக் குற்றப்பத்திரிகையிலிருந்து நீக்கிவிட்டு, அதை நிரபராதி என்று விடுதலை செய்கிறீர்கள்.

தராசுமுள்:
ஓசோன் படலம் சுற்றுச்சூழலைச் சேர்ந்ததில்லையா? உங்களுக்குப் பிடிக்காத கட்டத்தை அழித்துவிட்டு 52 என்று எழுதினால் அது ஆராய்ச்சி, நான் முழுக் கணக்கை எழுதினால் அது கேலி! 7,100 என்று எழுதியிருக்கிறதா, இல்லையா? அதற்கு மட்டும் விடை சொல்லுங்கள்.

கடலோடி:
எண்ணிக்கொண்டே இருங்கள், அதற்குள் அது நம் உடம்புக்குள் வந்துவிட்டது. கழுத்துத் தமனியில் படிந்த கொழுப்பை அறுவை செய்து நீக்கிய நோயாளிகளைப் பற்றிய ஆய்வு 2024 மார்ச்சில் வெளியானது. தொடர்ந்து கண்காணிக்கப்பட்ட 257 பேரில் 150 பேரின் படிவில் பாலிஎத்திலீன் இருந்தது. அவர்களுக்கு மாரடைப்போ பக்கவாதமோ மரணமோ நேரும் வாய்ப்பு, பிளாஸ்டிக் துகள் காணப்படாதவர்களைவிட நான்கு மடங்குக்கு மேல் இருந்தது. கடைப் பையும் பாலிஎத்திலீன்தானே? அதிலிருந்து கசியும் பிஸ்பீனால் ஏ என்ற வேதிப்பொருளைப் பற்றியும் வேதியியல் படித்தவர் சொல்லட்டும்.

தராசுமுள்:
சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். பிஸ்பீனால் ஏ என்பது பாலிகார்பனேட் புட்டிகளுக்கும் உணவு டப்பாக்களின் உட்பூச்சுக்கும் உரிய மூலப்பொருள். பாலிஎத்திலீன் பையைத் தயாரிக்க அது தேவையே இல்லை. நீங்கள் சொன்ன ஆய்வும் தொடர்பைத்தான் காட்டியது, காரணத்தை நிறுவவில்லை. இரண்டுக்கும் வேறுபாடு தெரியாதவர்களோடு விவாதிப்பதே என் தலைவிதியாகிவிட்டது. 7,100-க்கு இன்னும் விடை வரவில்லை.

வேம்பு:
தராசுமுள் ஐயா இதே தோரணையில்தான் கண்ணாடிப் புட்டி விவாதத்திலும் பேசினார். அங்கே நான் கேட்ட மூன்று கேள்விகளுக்கு இன்றுவரை பதில் இல்லை, நான் மறக்கவும் இல்லை. பெரிய எண்கள்தான் பிடிக்கும் என்றால் இதையும் எடுத்துக்கொள்ளட்டும்: நாள்தோறும் உடல் தாங்கக்கூடிய பிஸ்பீனால் ஏ அளவை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் 20,000 மடங்கு குறைத்தது. அதே 20,000! இதை மட்டும் ஏன் எங்கும் ஒட்டிவைப்பதில்லை?

தராசுமுள்:
பையைப் பற்றிய இழையில் டப்பாவின் பூச்சைக் கொண்டுவந்து நுழைக்கிறார். மாற்றுப்பொருள் என்று நீங்கள் கொண்டாடும் காகிதக் குவளையை ஓர் இரவு நீரில் ஊறவைத்துக் கிழித்துப் பாருங்கள். காகிதம் கூழாகிப் போக, உட்புறத்தில் ஒட்டியிருந்த மெல்லிய பாலிஎத்திலீன் படலம் வெங்காயத் தோல்போல உரிந்து தனியே கையோடு வரும். குப்பையில்லா வாழ்க்கை என்பது இதுதான் போலும்.

வேம்பு:
காகிதக் குவளையை இங்கே யார் கொண்டாடினார்கள்? ஒருவரையாவது காட்டுங்கள். கழுவிப் பயன்படுத்தும் எஃகுக் குவளையைத்தான் நான் எப்போதும் சொல்லி வந்திருக்கிறேன்.

நடுநிலையான்:
இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. புதிய துணிப்பைகளை வாங்கிக் குவிக்காமல், வீட்டில் ஏற்கெனவே கிடக்கும் பை எதுவாக இருந்தாலும் அது கிழியும்வரை பயன்படுத்தினால் இந்தக் கணக்கே தேவைப்படாது என்பது என் தாழ்மையான கருத்து.

செம்பருத்தி:
உங்கள் தாழ்மைக்கு நன்றி. "ஏமாற்றிக்கொள்கிறார்கள்" என்று எங்களைச் சொன்னவர் எதில் நியாயமாக இருக்கிறார் என்று விளக்குங்களேன். 2015 வரை உலகில் சேர்ந்த பிளாஸ்டிக் கழிவு ஏறத்தாழ 630 கோடி டன். அதில் மறுசுழற்சிக்குப் போனது 9 விழுக்காடு. வெயிலில் கிடக்கும் பை சில மாதங்களில் மொறமொறவென்று உடைந்து, விரலால் தொட்டால் செதில் செதிலாக உதிர்கிறது. அந்தச் செதிலை எந்த அட்டவணையின் எந்தக் கட்டத்தில் எழுதினார்கள்?

தராசுமுள்:
நடுநிலையானும் தெரியாமலே என் பக்கம் வந்துவிட்டார், ஏனெனில் புதிய துணிப்பை வாங்காதே என்பதைத்தான் நான் தொடக்கத்திலிருந்து சொல்கிறேன். பிளாஸ்டிக் பையை மீண்டும் ஒருமுறை குப்பைத்தொட்டிக்கு உறையாகப் பயன்படுத்துவார்கள் என்றும் சேர்த்துக் கணக்கிட்ட ஆய்வு அது. மனிதர்கள் உண்மையில் செய்வதைத்தான் அது கணக்கிடுகிறது, நீங்கள் கனவு காண்பதை அன்று.

நடுநிலையான்:
நான் யார் பக்கமும் வரவில்லை. என் சொற்களை எனக்கே திருத்தி எழுதித் தர வேண்டாம்.

செம்பருத்தி:
தொடக்கத்திலிருந்து அதைத்தான் சொன்னாராம்! நீங்கள் எழுதிய வரி இன்னும் அந்த இழையில் அப்படியே இருக்கிறது. "புதிய" என்ற சொல் அதில் எங்கே என்று காட்டுங்கள்.

தராசுமுள்:
வரியைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு அது புரியும். நீங்கள் முதலில் 7,100-க்கு விடை சொல்லுங்கள்.

வேம்பு:
கண்ணாடிப் புட்டிக்கு நீங்கள் சொல்லாத விடைகளும் நிலுவையில் உள்ளன, ஐயா. அவை மூன்று.