ஏரியில் அலை இல்லை, அதனால் பத்திரமா? கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பாவ்னாவா, அலிபாகா?

முத்துநகர்_செம்பூர்:
நேற்று முலுண்டிலிருந்து ஒருவர் நம் மும்பைத் தமிழர்களுக்கு யோசனை சொல்லியிருந்தார்: "சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடு என்றால் அலிபாக் கடற்கரை வேண்டாம், லோனாவலா பக்கம் பாவ்னா ஏரிக்குப் போங்கள். ஏரியில் அலை இல்லை, அதனால் பத்திரம்." படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. அலை இல்லாவிட்டால் ஆபத்து இல்லை என்று யார் சொன்னது? பாவ்னா ஆற்றுக்குக் குறுக்கே அணை கட்டித் தேக்கிய தண்ணீர் அது. மழை முடிந்து டிசம்பரில் நன்றாக நிரம்பி நிற்கும். நீங்கள் டென்ட் போட்டு உட்காரும் கரை உண்மையில் மலைச்சரிவு. அந்தச் சரிவு தண்ணீருக்குள்ளும் அப்படியேதான் இறங்கும். இரண்டு எட்டு வைத்தால் இடுப்பளவு, அடுத்த எட்டில் தரை இருக்குமா என்பது தெரியாது. அடியில் களிமண் வேறு. காலை உள்ளே வாங்கிக்கொண்டால் செருப்பு கூட வெளியே வராது. தூத்துக்குடியில் கடலோரம் பிறந்தவன் சொல்கிறேன், கடல் தன் ஆபத்தை மறைக்காது.

கோடை_முலுண்ட்:
எழுதியது நான்தான். என் பதிவிலேயே வந்து கேட்டிருக்கலாம், தனியாக மேடை போட்டிருக்க வேண்டாம். கடலில் அலை வந்து பிள்ளையின் காலைத் தட்டிவிடும். நிற்கிற இடத்து மணலையே பாதத்துக்கு அடியிலிருந்து அரித்துக்கொண்டு போகும். ஏரியில் இந்த இரண்டும் கிடையாது. அலை இல்லை என்பது பொய்யா? நான் கோடைக்கானலில் வளர்ந்தவள். ஏரி எனக்கும் தெரியும்.

முத்துநகர்_செம்பூர்:
கோடை ஏரியில் யார் இறங்குகிறார்கள்? படகு விடுகிறார்கள், சுற்றிலும் சாலை இருக்கிறது, குதிரை ஓடுகிறது. அதுவும் 1863-இல் லெவிஞ்ச் துரை உண்டாக்கிய ஏரிதான். அதைப் பார்த்து வளர்ந்ததால் பாவ்னா தெரியும் என்று ஆகிவிடாது. இன்னொன்று, கடல் தண்ணீர் நல்ல தண்ணீரைவிட இரண்டரை சதவீதம் அடர்த்தி அதிகம். உப்புத் தண்ணீர் ஆளைக் கொஞ்சமாவது தூக்கிக் கொடுக்கும், ஏரித் தண்ணீர் அந்த அளவுக்குத் தூக்காது. அலை இல்லை, அலை இல்லை என்று எத்தனை தடவை சொன்னாலும் இது மாறாது.

தாராவி_சரவணன்:
அண்ணாச்சி, ஊர்ப் பாசத்தில் பேசாதீர்கள். கடல் மறைக்காதா? கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டம் எப்படி இருக்கும் தெரியுமா? இரண்டு பக்கமும் அலை நுரைத்து உடையும், நடுவில் ஒரு துண்டு மட்டும் அமைதியாகத் தெரியும். விவரம் தெரியாதவன் அங்கேதான் இறங்குவான். மாட்டினால் கரையைப் பார்த்து நீந்தக் கூடாது, பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும். இதைப் பத்து வயதுப் பிள்ளை செய்யுமா?

முத்துநகர்_செம்பூர்:
நீயே சொல்லிவிட்டாய் தம்பி, பார்த்தால் தெரியும் என்று. கடலுக்கு அடையாளம் உண்டு, நேரமும் உண்டு. அலிபாகில் கொலாபா கோட்டைக்குக் கடல் வற்றத்தில் நடந்தே போகலாம், குதிரை வண்டியும் போகும். கடல் ஏற்றம் வந்தால் வழி மூடிவிடும். ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் நடுவில் சுமார் 12 மணி நேரம் 25 நிமிடம். வண்டிக்காரரைக் கேட்டால் எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும் என்று சொல்வார். கடல் சூழ்ந்த அந்தக் கோட்டைக்குள் நல்ல தண்ணீர்க் கிணறு இருக்கிறது, பிள்ளையார் கோயில் இருக்கிறது. பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டியது அதுதான். பாவ்னாவில் என்ன இருக்கிறது?

கோடை_முலுண்ட்:
லோகாகட், விசாபூர், திகோனா, துங்க் என்று சுற்றிலும் நாலு கோட்டைகள் இருக்கின்றன. உங்களுக்குத் தெரியாவிட்டால் இல்லை என்று எழுதாதீர்கள். டிசம்பர் விடியற்காலையில் தண்ணீர் மேல் பனி கிடக்க, திகோனா மேலே எட்டிப் பார்ப்பதை ஒரு தடவை பாருங்கள். அலையில் அடிபட்டுக்கொண்டு நிற்பவருக்கு அது புரியாது.

டோம்பிவிலி_பாமா:
இரண்டு இடத்திலும் சைவச் சாப்பாடு எப்படி? அதை ஒருவரும் சொல்லவில்லை. மாமியாரையும் கூட்டிப் போக வேண்டும். காரோடு படகில் அலிபாக் போகலாம் என்கிறார்களே, எங்கே ஏறுவது?

மாட்டுங்கா_மணி:
அலிபாகில் சைவம் தாராளமாகக் கிடைக்கும். சோறும், கோகம் புளியில் தேங்காய்ப்பால் சேர்த்த சோல்கடியும் போதும். ரசம்தான் வேண்டும் என்றால் மாட்டுங்காவை விட்டு எதற்கு நகர வேண்டும்?

டோம்பிவிலி_பாமா:
ரசம் கேட்டேனா? டோம்பிவிலி என்று பார்த்தாலே உங்களுக்கு இளக்காரம். போன தீபாவளிக்குத் திருநெல்வேலி ரயில் டிக்கெட் பற்றிக் கேட்டபோதும் இப்படித்தான் பதில் சொன்னீர்கள். நான் மறக்கவில்லை.

மாட்டுங்கா_மணி:
அந்த விஷயத்தில் நான் சொன்னதுதான் சரி. தத்கால் கிடைக்காது என்றேன், கிடைத்ததா?

முத்துநகர்_செம்பூர்:
ரயிலை விடுங்கள். அலைக்குப் பதில் இன்னும் வரவில்லை. அலை இருந்தால் தாய் தகப்பன் பிள்ளையின் கையை விட மாட்டார்கள். தண்ணீர் அசையாமல் கிடந்தால் கையை விட்டுவிட்டுப் போனைப் பார்ப்பார்கள். "பத்திரம்" என்று நீங்கள் எழுதியதை நம்பி ஒரு குடும்பம் அப்படி உட்கார்ந்தால் என்ன ஆகும்? எனக்குக் கோபம் அதனால்தான்.

தாராவி_சரவணன்:
போனைப் பார்ப்பவர் காசித் கடற்கரையிலும் போனைத்தான் பார்ப்பார், அண்ணாச்சி.

முத்துநகர்_செம்பூர்:
பார்க்க முடியாது. அலை காலில் வந்து அடிக்கும்.

கோடை_முலுண்ட்:
மறுபடியும் அலை. நாங்கள் பாவ்னாவுக்கே பதிவு செய்துவிட்டோம். கரையில் உட்காருவோம், லைஃப் ஜாக்கெட் போட்டுப் படகில் போவோம். பிள்ளைகளைத் தண்ணீரில் இறங்க விட மாட்டேன். ஏரியில் அலை இல்லை என்று சொன்னதையும் மாற்ற மாட்டேன்.

முத்துநகர்_செம்பூர்:
இறங்கவே விட மாட்டீர்கள் என்றால் "பத்திரம்" என்று எழுதியது எதற்கு? அலைதான் இல்லையே?

கோடை_முலுண்ட்:
உங்களோடு பேசுவதில் பயன் இல்லை. வணக்கம்.

முத்துநகர்_செம்பூர்:
வணக்கம். அந்த வரியை மட்டும் எடுத்துவிடுங்கள், போதும்.

டோம்பிவிலி_பாமா:
காரோடு ஏறும் படகு எங்கே என்று கேட்டிருந்தேன்.

மாட்டுங்கா_மணி:
மும்பையில் பாவுச்சா தக்கா படகுத்துறையில் ஏறி, அலிபாக் பக்கம் மாண்ட்வாவில் இறங்க வேண்டும். கூட்ட நாள், முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். ரயில் மாதிரி கடைசி நேரத்தில் கேட்காதீர்கள்.