பொருள்: விரைவோட்டத்தில் ‘ரூட்’ – பாதையா, தடமா?

தக்கலையிலிருந்து:

குழுவினர் எல்லாருக்கும் வணக்கம்.

ஒரு சொல்லுக்காக எழுதுகிறேன். வீடியோ கேமை எவ்வளவு சீக்கிரம் முடிக்க முடியுமோ அவ்வளவு சீக்கிரம் முடித்து நேரம் பதிகிற ஸ்பீட்ரன் பழக்கத்துக்கு ‘விரைவோட்டம்’ என்று ஏற்கெனவே இங்கே பேசி வைத்தோம். அது நன்றாக நிற்கிறது. இப்போது சிக்கல் ‘ரூட்’, அதாவது விளையாட்டை எப்படி ஓடி முடிப்பது என்று ஓடுகிறவர்கள் வகுத்து வைக்கிற வழி. எங்கள் பக்கத்துப் பையன்கள் ஏழெட்டுப் பேர் சூப்பர் மாரியோ பிரதர்ஸ் ஓடுகிறார்கள். அவர்களுக்காகத் தமிழில் ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். ‘ரூட்’ வரும் இடத்திலெல்லாம் ‘பாதை’ என்று போட்டேன். அது தவறான சொல் என்று ஒரு பையன் வழியாகத் தெரிந்தது.

பிளஸ் டூ படிக்கிற பையன். என் கையேட்டை வைத்து 4-2 கட்டத்தை, அதாவது 4ஆம் உலகத்தின் 2ஆம் கட்டத்தைப் பழகினான். ‘பாதை இந்தக் குழாய்க்குள் போகிறது’ என்று எழுதியிருந்தேன். அவனும் அதே குழாய்க்குள்தான் போனான், ஒரு சாயங்காலம் முழுக்க. ஒவ்வொரு தடவையும் காசு அறையில் போய் விழுந்தான். “அண்ணே, பாதை சரியாத்தானே போறேன்” என்று திரையைக் காட்டினான். அவன் சொன்னது சரி. அவன் பாதை சரி. நான் கொடுத்த சொல்தான் சரியில்லை.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்காக: 1985இல் வந்த அந்த மாரியோவில் மொத்தம் 32 கட்டங்கள். விரைவோட்டத்தில் தொடுவது 8 மட்டும். 1-1, 1-2, பிறகு இடையிலுள்ள உலகங்களை விட்டு ஒரு தாவல். 4-1, 4-2, பிறகு இன்னொரு தாவல். 8-1 முதல் 8-4 வரை. தேர்ந்தவர்கள் இதை 5 நிமிடத்துக்குள் முடிக்கிறார்கள். 4-2இல் மறைந்திருக்கிற ஒரு படர்கொடியில் ஏறினால் 8ஆம் உலகத்துக்குத் தாவுகிற அறை வரும். ஆனால் கொடி ஏறுவதற்கு நேரம் ஆகும். அங்கேதான் அந்தக் குழாய் வருகிறது. எந்த வாசல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை விளையாட்டு ஒரே ஓர் இடத்தில்தான் நினைவில் வைத்திருக்கிறது. திரை நகர நகர அந்த நினைவு மாறும். முதலில் கொடியின் இடம் அதில் இருக்கும். திரை இன்னும் கொஞ்சம் நகர்ந்த பிறகே குழாயின் இடம் ஏறும். பின்பக்கமாகத் தாவிக் கட்டையில் இடித்தால் மாரியோ சற்று முன்னே தள்ளப்படுவான், திரை அந்த அளவுக்கு அவனோடு சேர்ந்து நகராது. இப்படித் திரையில் வழக்கத்தைவிட வலப்பக்கமாக நிற்பவன், திரை போதுமான அளவு நகர்வதற்குள் குழாய்க்குள் இறங்கிவிடலாம். அப்போது அந்தக் குழாய் காசு அறைக்குப் போகாது. கொடியில் ஏறினால் எங்கே போவோமோ அங்கே போகும்.

ஆக, குழாய் ஒன்று, வழி ஒன்று, போய்ச் சேரும் இடம் இரண்டு. எந்த நிலையில் அங்கே வந்து சேர்கிறாய் என்பதும் ‘ரூட்’டின் பகுதி. ‘பாதை’ என்ற சொல்லில் இதற்கு இடமே இல்லை.

இன்னொன்று. அந்த விளையாட்டில் ஒரு கட்டம் முடிந்ததும் அடுத்ததை ஏற்றலாமா என்று 21 ஃபிரேமுக்கு (திரையில் மாறி மாறி வருகிற ஒவ்வொரு படமும் ஒரு ஃபிரேம்) ஒருமுறைதான் சரிபார்க்கும். நொடிக்கு ஏறக்குறைய 60 ஃபிரேம் என்றால் இது 0.35 நொடி. ஓடுகிறவர்கள் இதைப் பேருந்துக்கு ஒப்பிடுவார்கள். நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டுக்கு நீங்கள் ஓடி வந்தாலும் நடந்து வந்தாலும் வண்டி அதன் நேரத்துக்குத்தான் எடுக்கும். ஓடி வந்து முந்தின வண்டியைப் பிடித்தால் லாபம். இல்லையென்றால் ஓடியது வீண். அதனால் எந்தக் கட்டத்தில் உயிரைக் கொடுத்து ஓட வேண்டும், எதில் நிதானமாக, பத்திரமாகப் போகலாம் என்பதும் முன்கூட்டியே முடிவாகிறது. கடைசி 8-4இல் மட்டும் இந்தக் காத்திருப்பு இல்லை. அங்கே ஒவ்வொரு ஃபிரேமும் கணக்கு.

நமக்குத் தெரிந்த ஓட்டம் ஒன்று இருக்கிறதே, அதை வைத்துப் பார்த்தேன். சிவராத்திரிக்குச் சிவாலய ஓட்டம் இரண்டு தடவை ஓடியிருக்கிறேன். முஞ்சிறை திருமலையில் தொடங்கி நட்டாலத்தில் முடிக்கிற 12 கோயில், 100 கிலோமீட்டருக்கு மேல். வரிசை யாருக்கும் மாறாது. முதல் வருடம் ஒரு பெரியவரோடு ஓடினேன். ஒவ்வொரு கோயிலிலும் குளித்து ஈரத்துணியோடு ஓட வேண்டும். திக்குறிச்சி தாண்டும்போதே எனக்குத் தொடை உரசி எரிய ஆரம்பித்தது. அவர் மடியில் தேங்காய் எண்ணெய்ச் சீசா வைத்திருந்தார். திருநந்திக்கரைக்கு ரோட்டை விட்டு ரப்பர் தோட்டத்துக்குள் இறங்கினார். பொன்மனையில் சுக்குக்காப்பியை நின்றபடியே குடிக்கச் சொன்னார், உட்கார விடவில்லை. கல்குளம் வந்ததும் அவரே விசிறியைத் தலைக்கு வைத்து அரை மணி நேரம் படுத்தார். “ரெண்டு தடவை ஓடினாத்தான் தடம் பிடிபடும்” என்றார்.

அந்தச் சொல்லைத்தான் இங்கே வைக்கிறேன். தடம். எங்கே வேகம், எங்கே நிதானம், எதை விடுவது, எந்த நிலையில் வந்து சேர்வது எல்லாம் அதற்குள் அடங்குகிறது. ரூட் என்றால் தடம்; ரூட்டிங் என்றால் தடம் வகுத்தல். உங்கள் கருத்து வேண்டும்.

———

நாகர்கோவிலிலிருந்து:

> அந்தச் சொல்லைத்தான் இங்கே வைக்கிறேன். தடம்.

தம்பி, நல்ல முயற்சி. ஆனால் இரண்டு தடை எனக்கு இருக்கிறது. நம் அரசுப் பேருந்தின் நெற்றியிலேயே ‘தடம் எண்’ என்று எழுதியிருக்கிறது. வழித்தடம் என்றால் எல்லாருக்கும் பேருந்துதான் நினைவுக்கு வரும். நீங்கள் ‘பாதை’யில் கண்ட குறை ‘தடத்’துக்கும் வந்துவிடாதா?

இரண்டாவதுதான் முக்கியம். தடம் என்பது கால் பட்ட பிறகு விழுவது. நடந்தவன் விட்டுப்போன அடையாளம். நீங்கள் சொல்கிற ரூட் ஓடுவதற்கு முன்னால் திட்டமிடுவது. பின்னால் விழுவதற்குரிய பெயரை முன்னால் போடுவதற்குச் சூட்டலாமா?

பழந்தமிழில் வழிக்கு ‘ஆறு’ என்றே பெயர். வழி என்றும் முறை என்றும் இரண்டு பொருளும் அதற்கு உண்டு. ‘செய்யுமாறு’ என்கிறோமே, அந்த ஆறு. போய்வந்தவன் போகப்போகிறவனுக்கு வழி சொல்வது ஆற்றுப்படை. உங்கள் பையன்கள் ஒருவருக்கொருவர் செய்துகொள்வதும் அதுதானே? ‘ஓட்டாறு’ என்று வைத்துப் பாருங்கள்.

———

மார்த்தாண்டத்திலிருந்து:

அண்ணே, சார், ரெண்டு பேருக்கும் வணக்கம். நான் ஓடுகிறவன், அதனால் ஓடுகிறவன் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

ஓட்டாறு என்று எழுதினால் குழித்துறை ஆற்றைத்தான் தேடுவார்கள், சார். மரியாதைக் குறைவாகச் சொல்லவில்லை. ஆறு என்று கேட்டால் தண்ணீர் நினைவு வராத ஆள் எங்கள் பக்கம் யாருமில்லை.

சாரின் இரண்டாவது கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது. சூப்பர் மாரியோ 64 எடுத்துக்கொள்வோம், 1996இல் வந்தது. மொத்தம் 120 நட்சத்திரம். கடைசிச் சண்டைக்குப் போவதற்கு 70 வேண்டும் என்று விளையாட்டே சொல்லும். 70 இல்லாமல் போனால் ஒரு மாடிப்படி முடிவே இல்லாமல் நீண்டுகொண்டே இருக்கும். அந்தப் படியில் பின்னோக்கித் திரும்பி நீளத் தாவல் போட்டுக்கொண்டே இருந்தால் வேகம் ஏறிக்கொண்டே போய் மேலே பாய்ந்துவிடலாம் என்று யாரோ கண்டுபிடித்தார்கள். 70 தேவையில்லை, 16 போதும் என்று ஆனது. பிறகு நட்சத்திரம் கேட்கிற கதவுகளையும் ஒவ்வொன்றாகத் தாண்ட வழி கிடைத்து 1 ஆனது, கடைசியில் 0. அறையில் உட்கார்ந்து காகிதத்தில் போட்ட திட்டத்தில் இது எதுவும் வரவில்லை. ஓடியவன் தடுக்கி விழுந்த இடத்திலிருந்து வந்தது. இப்போதும் 120, 70, 16 எல்லாவற்றையும் தனித்தனிப் பிரிவாக ஓடுகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ரூட் வேறு.

அதனால் ரூட் என்பது கால் பட்ட பிறகுதான் விழுகிறது, சார். எனக்கு முன்னால் ஓடியவர்களின் காலடி அது. நான் அதில் என் காலை வைத்துப் பார்த்து, எனக்குப் பொருந்தாத இடத்தில் மாற்றிக்கொள்கிறேன். எனக்கு ‘தடம்’ பிடித்திருக்கிறது.

பேச்சில் நாங்கள் ‘ரூட்டுப் போடுறது’ என்றுதான் சொல்வோம், அது மாறாது. எழுதுவதற்குத்தான் சொல் வேண்டும்.

———

குறும்பனையிலிருந்து:

நான் விளையாடுகிறவள் இல்லை, என் மகன் விளையாடுவான். இந்த மடலை அவனோடு சேர்ந்து படித்தேன். அவன் ஒன்றைக் காட்டினான். ஒரு தந்திரத்தைச் செய்வதற்கு முன்னால் ஆளை மிகச் சரியான இடத்தில் நிறுத்த வேண்டும். அதற்குத் திரையில் எதையாவது அடையாளம் வைத்துக்கொள்கிறார்கள். தொப்பியின் நுனி பின்னாலுள்ள புதரின் விளிம்பைத் தொடும்போது தாவு, அந்த மாதிரி. இதற்கு என்ன சொல் என்று கேட்டேன். ‘விஷுவல் கியூ’ என்றான்.

எங்கள் வீட்டில் அதற்குச் சொல் இருக்கிறது. கணியம். என் அப்பா கட்டுமரத்தில் போனவர். கடலுக்குள் மீன் கிடைக்கிற பாறைக்கு எந்தப் பலகையும் கிடையாது. கரையைத் திரும்பிப் பார்த்து, கோயில் கோபுரமும் அதற்குப் பின்னாலுள்ள மலைமுடியும் ஒரே நேர்கோட்டில் வருகிறதா என்று பார்ப்பார். இன்னொரு பக்கம் வேறு இரண்டு அடையாளம். இரண்டு கோடும் சந்திக்கிற இடத்தில் தூண்டிலை இறக்குவார். மேற்கே போனால் கணிச்சம் என்பார்கள். கிட்ட இருப்பது ஒன்றையும் தூரத்தில் இருப்பது ஒன்றையும் சேர்த்து வைத்துப் பார்த்து, தான் நிற்கிற இடத்தைக் கண்டுகொள்வது. மகன் திரையில் செய்கிறதும் அதேதான். இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

———

தக்கலையிலிருந்து:

அக்கா, கணியத்துக்கு மிக்க நன்றி. இதை நான் கேட்கவே இல்லை, ஆனால் கையேட்டில் எனக்கு மிகவும் தேவைப்பட்ட சொல் இதுதான். ‘காட்சிக்குறிப்பு’ என்று எழுதி வைத்திருந்தேன், அதில் உயிர் இல்லை. இரண்டு பொருளை நேர்கோட்டில் கொண்டுவருவது என்கிற செயலே கணியத்துக்குள் இருக்கிறது. அப்படியே எடுத்துக்கொள்கிறேன்.

ஐயா, உங்கள் முதல் தடையை ஏற்கிறேன். அதனால்தான் ‘வழித்தடம்’ வேண்டாம் என்கிறேன். அது அலுவலகத்தில் போட்டுக் கொடுத்தது, ஓட்டுநர் மாற்ற முடியாது. ‘தடம்’ தனியாக நிற்கும்போது அந்தப் பேருந்து வாசனை குறைவு. குழப்பம் வரும் இடத்தில் ‘ஓட்டத்தடம்’ என்று எழுதலாம். இரண்டாவது தடைக்குத் தம்பி சொன்னதைவிட நான் கூட்டிச் சொல்ல எதுவுமில்லை. முன்கூட்டிய திட்டம் என்ற பொருளை ‘வகுத்தல்’ சுமந்துகொள்ளும். படையை வகுத்தோம், வியூகம் வகுத்தோம், தடத்தையும் வகுக்கலாம்.

நான் ஒரு சொல்லை ஏற்பதற்கு முன்னால் அதற்குக் குடும்பம் இருக்கிறதா என்று பார்ப்பேன். தனிமரமாக நிற்கிற சொல் கையேட்டில் பத்துப் பக்கம் தாண்டாது. தடத்துக்கு இருக்கிறது. எழுதி வைப்பது தடக்குறிப்பு. கட்டம் கட்டமாக எடுத்து, எமுலேட்டரில் (பழைய விளையாட்டைக் கணினியில் ஓட்டுகிற மென்பொருள்) நிலையைச் சேமித்து, அதே பத்து நொடியைத் திரும்பத் திரும்பச் செய்வது தடம் பழகுதல். தந்திரம் தவறினால் இறங்குகிற பத்திரமான வழி மாற்றுத்தடம். 8-3இல் சுத்தியல் வீசுகிறவர்கள் எப்படி அசைவார்கள் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாதே, அங்கே மாற்றுத்தடம் இல்லாமல் ஓடவே கூடாது. ஓட்டம் கெட்டுப்போவதற்குத் ‘தடம் புரண்டது’ என்று ஏற்கெனவே நம் வாயில் இருக்கிறது. பாதையிலிருந்து இவ்வளவு பிறக்கவில்லை. ஆறும் பிறப்பிக்கும், ஆனால் தம்பி சொன்ன குழித்துறைச் சிக்கல் உண்மையானது. ஐயாவுக்கு ஒரு வேண்டுகோள்: ‘ஆற்றுப்படை’யை நான் விட மாட்டேன். புதிதாக ஓட வருகிறவனுக்கு, ஓடியவன் கூடவே பேசிக்கொண்டு போகிற வீடியோக்கள் இருக்கின்றனவே, அவற்றுக்கு அந்தப் பெயரை வைக்கிறேன். அங்கே அது மிகச் சரியாக உட்காருகிறது.

‘ரீசெட்’ (ஓட்டத்தை விட்டு முதலிலிருந்து தொடங்குவது), ‘ஸ்ப்ளிட்’ (பகுதி பகுதியாகப் பதிகிற நேரம்) இரண்டையும் இப்போதைக்கு அப்படியே விடுகிறேன். நல்ல சொல் கிடைக்கவில்லை.

4-2 பகுதியைத் திருத்தி எழுதிவிட்டேன். பாருங்கள்:

“4-2இல் தடம் குழாயைப் பற்றியது இல்லை, குழாய்க்கு எப்படி வருகிறாய் என்பதைப் பற்றியது. கட்டைகளுக்குக் கீழே பின்பக்கமாகத் தாவி இடி. மாரியோ திரையில் வலப்பக்கம் தள்ளி நிற்கிறானா என்று பார். அவனுக்கும் திரையின் விளிம்புக்கும் இடையிலுள்ள தூரம்தான் உன் கணியம். தள்ளியிருந்தால் நிற்காமல் ஓடிக் குழாய்க்குள் இறங்கு. தள்ளியில்லையா, மாற்றுத்தடம்: கொடியில் ஏறு. நேரம் போகும், ஓட்டம் போகாது.”

இதை அந்தப் பிளஸ் டூ பையனிடம் ஞாயிற்றுக்கிழமை கொடுக்கிறேன். நான் பக்கத்தில் நின்று விளக்கப்போவதில்லை, காகிதம் மட்டும் அவன் கையில். எந்தச் சொல்லில் நிற்கிறான் என்று பார்த்துத் திங்கட்கிழமை எழுதுகிறேன்.