சரிவு உள்ளபடி தெரியுதா? ஹெல்மெட் கேமரா வீடியோ பற்றி ஒரு வாக்குவாதம்

மண்தடம்
"பார்த்தே ஆகவேண்டிய எம்டிபி (மவுண்டன் பைக்) வீடியோக்கள்"னு கத்திப்பாரா நேத்து ஒரு பட்டியல் போட்டிருந்தார். பட்டியலோட எனக்குச் சண்டை இல்லை. அதுக்கு மேல எழுதின வரியோடதான் சண்டை: "ஹெல்மெட்ல கேமரா மாட்டி எடுத்ததுதான் நிஜம். சரிவு உள்ளபடி தெரியும். ட்ரோன், வண்டி எல்லாம் வெச்சு எடுத்தது சினிமா." எடுத்தவங்க யாரை வேணாலும் கேளுங்க, ஹெல்மெட் கேமராவுல முதல்ல காணாமப் போறதே சரிவுதான். இதைப் படிச்சுட்டுப் புதுசா வர்ற பசங்க ஹெல்மெட் கேமரா வீடியோவைப் பார்த்து "இவ்ளோதானா"ன்னு இறங்கி, முன்சக்கரம் மடங்கி, ஹேண்டில்பாருக்கு மேல பறந்து விழுவாங்க. அந்த வரியைத் திருத்துங்க.

கத்திப்பாரா வளைவு
திருத்த மாட்டேன். ஓட்டுறவன் கண்ணு எங்கே இருக்கோ அங்கேயே கேமராவும் இருக்கு. அவன் பார்க்கிறதைத்தான் நாமும் பார்க்கிறோம். இதைவிட நிஜம் எது? 2013 ரெட்புல் ராம்பேஜ் எம்டிபி போட்டியில கெல்லி மெக்கேரி 72 அடிப் பள்ளத்தை பேக்ஃப்ளிப் (பின்பக்கப் பல்டி) அடிச்சுத் தாண்டினதை உலகமே அவரோட ஹெல்மெட் கேமராவுலதான் பார்த்துச்சு. அது பொய்யா?

மண்தடம்
பொய்னு யார் சொன்னது? சரிவு தெரியலைன்னு சொல்றேன். அந்த வீடியோவை மறுபடி போடுங்க. பல்டி அடிக்கும்போது மண், வானம், மறுபடி மண். பள்ளம் 72 அடியா 30 அடியான்னு அதை மட்டும் பார்த்து உங்களால சொல்ல முடியாது. அதே தாவலைப் பக்கவாட்டுல நின்னு எடுத்த ஷாட்டைப் பாருங்க. எகிறுற விளிம்பு, நடுவுல பள்ளம், இறங்குற மேடு மூணும் ஒரே சட்டத்துல (ஃப்ரேம்ல) நிக்கும். அப்பதான் வயிறு கலங்கும்.

காரணம் சிம்பிள். சரிவுல இறங்கும்போது ஓட்டுறவர் தலையும் சரிவோடயே குனியுது. தரை எவ்வளவு சாயுதோ அவ்வளவு கேமராவும் சாயுது. ரெண்டும் சேர்ந்து சாஞ்சா திரையில தரை சமமாத்தான் தெரியும். அடிவானம் சட்டத்துக்கு மேல போய் மறைஞ்சுடும். ஒப்பிட்டுப் பார்க்க ஒண்ணும் மிஞ்சாது.

ஸ்போக் சேகர்
மண்தடம் சொல்றது பாதி சரி. முக்கியக் குற்றவாளி வைட் லென்ஸ். ஆக்‌ஷன் கேமராவை வைட்ல வெச்சா கிட்டத்தட்ட 120 டிகிரி அகலம் பிடிக்கும். அதை 15 செ.மீ. அகலப் போன்ல, 30 செ.மீ. தள்ளிப் பிடிச்சுப் பார்த்தா நம்ம கண்ணுக்கு 28 டிகிரிதான் வருது. 120-ஐ 28-க்குள்ள அடைச்சா எல்லாமே சுருங்கும். ஆளுயர டிராப் (செங்குத்தா விழுற இறக்கம்) படிக்கட்டு மாதிரி ஆயிடும்.

மண்தடம்
இல்லை. லென்ஸ் தட்டையாக்காது. வைட் லென்ஸ் ஆழத்தைக் கூட்டித்தான் காட்டும், பக்கத்துல இருக்கிறது பெரிசா, தூரத்துல இருக்கிறது குட்டியாத் தெரியும். தட்டையாக்குறது கேமரா நிக்கிற இடமும் குனியுற கோணமும். லென்ஸ் மேல பழி போடாதீங்க.

ஸ்போக் சேகர்
சின்னத் திரையில சுருங்குதுன்னு நான் சொன்னது லென்ஸாலதான் வருது. பதில் சொல்லாம நகராதீங்க.

மண்தடம்
அது திரையோட பிரச்சினை, லென்ஸோடது இல்லை. அதே வீடியோவைப் பெரிய டிவியில கிட்ட உக்காந்து பாருங்க, சுருக்கம் குறையும். சரிவு அப்பவும் தெரியாது.

கத்திப்பாரா வளைவு
ரெண்டு பேரும் லென்ஸ் பாடம் எடுத்து முடிச்சாச்சா? என் கேள்வி அப்படியே இருக்கு. ஓட்டுறவன் கண்ணுக்குத் தெரியுறதுதானே நிஜம்? ட்ரோன்ல பறவைக்குத் தெரியுறது எப்படி நிஜமாகும்? பைக் சாகசக்காரர் டேனி மெக்காஸ்கில் 2014-ல ஸ்காட்லாந்துல ஸ்கை தீவு கூலின் மலை முகட்டுல ஓட்டின "தி ரிட்ஜ்" எனக்கும் பிடிக்கும். ஆனா அது இயற்கைக் காட்சிப் படம். அதைப் பார்த்து ஒருத்தனும் பைக் ஓட்டக் கத்துக்க முடியாது.

மண்தடம்
கத்துக்கலாம். முகட்டுல அவர் மெதுவாப் போற இடங்களைப் பாருங்க. பெடல் ரெண்டும் தரைக்கு இணையா, இடுப்பு சீட்டை விட்டுப் பின்னால, ஆளுக்கும் பைக்குக்கும் நடுவுல நல்லா இடைவெளி. பைக் கீழே ஆடுது, உடம்பு ஆடலை. இதை வெளியிலேருந்து எடுத்த கேமராவாலதான் காட்ட முடியும். ஹெல்மெட் கேமராவுல ஓட்டுறவர் இடுப்பு எங்கே இருக்கு சொல்லுங்க? தெரியாது. ரெண்டு கை, ஒரு ஹேண்டில்பார், அவ்வளவுதான். கத்துக்கிறவனுக்குத் தேவை இடுப்பு.

சர்வீஸ்ரோடு
எனக்கு ஒண்ணு புரியலை. சென்னையில உக்காந்துக்கிட்டு எதுக்கு இந்தச் சரிவுச் சண்டை? நம்ம ஊர்ல இருக்கிறதே பரங்கிமலை, 300 அடி. அதுலயும் படி. மீதி எல்லாம் மேம்பாலம். ஈசிஆர்ல காலையில 60 கி.மீ. ஓட்டுங்க, உடம்புக்கு நல்லது.

கத்திப்பாரா வளைவு
ரோடு பைக்காரங்களுக்கு இந்தத் திரியில என்ன வேலை? ஏலகிரி மூணரை மணி நேரத்துல போயிடலாம். கொல்லிமலை இருக்கு, ஊட்டி இருக்கு. சென்னைக்காரன் மலை ஏறக் கூடாதா?

சர்வீஸ்ரோடு
கொல்லிமலையில 70 கொண்டை ஊசி வளைவு இருக்கு, எல்லாமே தார் ரோடு. அதை ஏறுறது ரோடு பைக். உங்க எம்டிபியைக் காருக்குப் பின்னால மாட்டிட்டு மேல போறீங்க.

ஸ்போக் சேகர்
ஒரு திருத்தம். போன வாரம் இதே குழுவுல "கொல்லிமலை 10 டிகிரி"ன்னு ஒருத்தர் எழுதினார். ரோட்டோர போர்டுல சரிவுன்னு போடுறது சதவீதம், டிகிரி இல்லை. 10 சதவீதம்னா 5.7 டிகிரிதான். 100 சதவீதம்னா 45 டிகிரி. எம்டிபி ஆளுங்க டிகிரியில பேசுறாங்க, ரோடு ஆளுங்க சதவீதத்துல பேசுறாங்க. அப்புறம் ஒருத்தரை ஒருத்தர் பொய்யன்னு திட்டிக்கிறாங்க.

மண்தடம்
நல்லதாப் போச்சு, டிகிரிக்கே வருவோம். 30 டிகிரிச் சரிவுன்னா, கிடைமட்டமா 10 மீட்டர் போறதுக்குள்ள 5.8 மீட்டர் கீழ இறங்கும். கிட்டத்தட்ட ரெண்டு மாடி. கத்திப்பாரா, உங்க பட்டியல்ல இருக்கிற எந்த ஹெல்மெட் கேமரா வீடியோவுலயாவது ஒரு இடத்துல நிறுத்தி, அந்தச் சரிவு எத்தனை டிகிரின்னு சொல்லுங்க. ஒண்ணே ஒண்ணு போதும்.

கத்திப்பாரா வளைவு
மரத்தை வெச்சுச் சொல்லலாம். மரம் செங்குத்தா நிக்குது, தரையோட அது சேருற கோணத்தை 90-லேருந்து கழிச்சா சரிவு.

மண்தடம்
அது பக்கவாட்டு ஷாட்டுக்குப் பொருந்தும். கேமரா சரிவுக்குக் குறுக்கே பார்க்கணும், மரம் சட்டத்துக்கு நடுவுல இருக்கணும். வைட் லென்ஸ் ஓரத்துல மரமே வளைஞ்சு சாயும், அங்கே அளந்தா தப்பு. ஹெல்மெட் கேமரா சரிவு நெடுகக் கீழ்நோக்கிப் பார்க்குது. அதுல மரமும் தரையும் சேருற கோணத்தை எங்கே அளப்பீங்க? இப்ப நீங்க சொன்ன வழியே என் கட்சிதான். மறுபடி கேக்கறேன், எத்தனை டிகிரி?

கோவளம் அலை
அலைச் சறுக்குல இந்த விஷயம் தீர்ந்து போன கதை. போர்ச்சுகல் நசாரேயில 2020 அக்டோபர்ல செபாஸ்டியன் ஸ்டூட்னர் இறங்கின அலைக்கு 86 அடின்னு உலக சாதனை கொடுத்தாங்க. ஓட்டுறவர் உடம்பையே அளவுகோலா வெச்சு, வெளியிலேருந்து எடுத்த படத்துலதான் அளந்தாங்க. பலகையில மாட்டின கேமராவுல அலை ஒரு தண்ணிச் சுவர்தான், உயரமே தெரியாது.

கத்திப்பாரா வளைவு
நசாரேயைப் பத்திப் பேசினா முழுசாப் பேசுங்க. லைட்ஹவுஸுக்குப் பின்னால அலை மலை மாதிரி எழும்புற படங்கள் எல்லாம் டெலிஃபோட்டோ. தூரத்துல இருக்கிற அலையை இழுத்துக்கிட்டு வந்து கட்டடத்துமேல ஒட்டவெச்ச மாதிரி காட்டும். வெளிக் கேமரா பொய் சொல்லாதுன்னு சொன்ன ஆளு எங்கே?

மண்தடம்
வெளிக் கேமரா பொய்யே சொல்லாதுன்னு நான் எங்கேயும் எழுதலை. மேல போய்ப் படிங்க. பக்கவாட்டு ஷாட்ல சரிவு தெரியும்னு எழுதினேன்.

கத்திப்பாரா வளைவு
ட்யூப்லெஸ் திரியிலயும் இதே வேலைதான். 2.3 இன்ச் டயருக்கு 40 பிஎஸ்ஐ காத்தழுத்தம் போடச் சொன்னீங்க. எல்லாரும் சொன்ன பிறகு "எங்கேயும் எழுதலை"ன்னீங்க.

மண்தடம்
ட்யூப் போட்ட டயருக்குச் சொன்னேன், ரோட்டுல ஓட்டுறவங்களுக்கு. ட்யூப்லெஸ்னா 70 கிலோ ஆளுக்கு முன்னால 22, பின்னால 25. பாறை அதிகம்னா ரெண்டு கூட்டிக்கலாம். இதுவும் அதே திரியில இருக்கு. அந்த மனத்தாங்கலை இங்கே ஏன் கொண்டு வர்றீங்க? டிகிரியைச் சொல்லுங்க.

ஸ்போக் சேகர்
கேமராவை எங்கே மாட்டணும்னு உருப்படியாப் பேசுவோமா? ஹெல்மெட் உச்சியில மாட்டாதீங்க. தலை ஆடுற ஒவ்வொரு ஆட்டமும் அங்கே பெரிசாகும், கை கூடத் தெரியாது. முழுமுக ஹெல்மெட்னா தாடையில மாட்டுங்க. கண்ணுக்குக் கிட்ட வரும், ஹேண்டில்பாரும் தெரியும். மார்புப் பட்டையில மாட்டினா கேமராவைத் தலைகீழாத் தொங்கவிட்டு நல்லா மேல்நோக்கித் திருப்பணும். ஓட்டும்போது நாம முன்னால குனியறதால, நிமிர்ந்து நின்னு சரிபார்த்துட்டுப் போனா வீடியோ முழுக்க ஸ்டெம்மும் (ஹேண்டில்பாரைப் பிடிச்சிருக்கிற துண்டு) முன்டயரும்தான் வரும். மார்புல மாட்டினா முழங்கை, முட்டி, முன்சஸ்பென்ஷன் அமுங்குறது எல்லாம் தெரியும், தலைத் திருப்பம் படத்துல ஏறாது. சரிவும் கொஞ்சம் நல்லாத் தெரியும்.

60 ஃப்ரேம்னா ஷட்டர் 1/120. நம்ம ஊர் வெயில்ல அதுக்கு வெளிச்சத்தைக் குறைக்கிற என்டி ஃபில்டர் வேணும். இல்லைன்னா ஷட்டர் தானா ஏறி, படம் வெட்டுவெட்டா வரும். மரநிழல்ல நேர்மாறு: வெளிச்சம் போதாம ஒவ்வொரு ஃப்ரேமும் கலங்கும், அந்தக் கலங்கலை ஸ்டெபிலைசேஷனால (ஆட்டத்தைக் குறைக்கிற வசதி) சரிபண்ண முடியாது, படம் துடிக்கும். மவுண்ட் திருகு லூஸா இருந்தா படம் ஜெல்லி மாதிரி நடுங்கும், அதை எந்த மென்பொருளும் சரிபண்ணாது. ஏசி காரிலிருந்து நேரா வெளியே எடுத்தா லென்ஸ்ல ஆவி படியும், பத்து நிமிஷம் வெளியே வெச்சுட்டு ஆரம்பிங்க. நின்ன இடத்துலயே 4கே ஓடவிட்டா சூடேறி அணைஞ்சுடும், காத்து படணும்.

மண்தடம்
இதுல ஒண்ணு விட்டுட்டீங்க. அடிவானத்தை மட்டமாப் பிடிக்கிற வசதியை அணைக்கணும். வளைவுல பைக் சாயுறதே அதுல காணாமப் போயிடும்.

கத்திப்பாரா வளைவு
ஆக மார்புல மாட்டினா சரிவு தெரியும்னு சேகரே சொல்லிட்டார். ஓட்டுறவன் மேல மாட்டின கேமராதானே அது? என் வரி நின்னுடுச்சு.

மண்தடம்
"கொஞ்சம்"னு சொன்னார். நீங்க எழுதினது "உள்ளபடி". அதுவும் ஹெல்மெட்ல. ரெண்டும் ஒண்ணா?

பார்க்கத் தகுந்த வீடியோ எதுன்னு நான் சொல்றேன். 2015 "அன்ரியல்"ங்கிற எம்டிபி படத்துல பிராண்டன் செமனுக் ஓட்டுற பகுதி. கலிஃபோர்னியா, கேம்ப்ரியா. தடத்துக்கு இணையா ஓடுற வண்டியில கேமரா, முதல்லேருந்து கடைசி வரை ஒரே ஷாட், வெட்டே இல்லை. வெட்டின வீடியோவுல தாவலுக்கு முன்னால வேகம் எங்கே சேருதுங்கிறது போயிடும். இதுல இறங்குற இடத்துலேருந்து அடுத்த எகிறல் வரைக்கும் ஒரு பெடல் மிதிக்காம, மேட்டுக்குப் பின்பக்கம் கையாலயும் காலாலயும் அழுத்தி அவர் வேகம் எடுக்கிறது தெரியும். கம்ப்யூட்டர்ல பாருங்க. நிறுத்திட்டு கமா, முற்றுப்புள்ளி விசையை அழுத்தினா யூட்யூப் ஒவ்வொரு ஃப்ரேமா நகரும். எகிறுறதுக்கு எத்தனை ஃப்ரேம் முன்னால முட்டி மடங்குதுன்னு எண்ணுங்க.

கத்திப்பாரா வளைவு
ஒரே ஷாட்டா! முதல் தடவையே கிடைச்சதா? பலமுறை ஓட்டிப் பார்த்து, நல்லா வந்ததைப் போட்டாங்க. நான் சினிமான்னு சொன்னது இதைத்தான்.

மண்தடம்
பலமுறை ஓட்டினா அது பயிற்சி. ஹெல்மெட் கேமரா ஆளுங்க முதல் தடவை ஓட்டினதையா போடுறாங்க?

கோவளம் அலை
போட்டி வீடியோதான் ஒரே தடவை. 2011 உலக சாம்பியன்ஷிப், சுவிட்சர்லாந்து சாம்பெரி. மழைச் சேறுல டேனி ஹார்ட் 11 விநாடிக்கும் மேல வித்தியாசத்துல ஜெயிச்சது. டவுன்ஹில்ல (மலை இறங்குற ரேஸ்) ஒரு விநாடியே பெரிசு. முழுக்கத் தடத்தோரக் கேமராதான்.

சர்வீஸ்ரோடு
2015 ஆஸ்திரியா லியோகாங் டவுன்ஹில் ரேஸைச் சேர்த்துக்கோங்க. ஆரோன் க்வின் கிளம்பின உடனே செயின் அறுந்துடுச்சு, பெடலே மிதிக்க முடியாம ஜெயிச்சார். செயின் தேய்மானம் 0.5 சதவீதம் காட்டினா மாத்தணும்னு நான் சொல்லும்போது இங்கே யாரும் கேக்கறதில்லை.

ஸ்போக் சேகர்
அது 11, 12 ஸ்பீடு (பின்னால அத்தனை கியர்) செயினுக்கு. பழைய 8, 9 ஸ்பீடுக்கு 0.75 வரைக்கும் ஓட்டலாம். அதோட செயின் அறுறதுக்கு முக்கியக் காரணம் தேய்மானம் இல்லை. பின்னைச் சரியா அடிக்காம விடுறது, அழுத்தி மிதிக்கும்போதே கியர் மாத்துறது.

சர்வீஸ்ரோடு
0.5-தான். எல்லா ஸ்பீடுக்கும் 0.5.

கத்திப்பாரா வளைவு
சாம்பெரி வீடியோவுலயும் டிவி கேமரா அங்கங்கே மாறுது. நடுவுல விட்டுப்போன தடம் எவ்வளவுன்னு யாருக்காவது தெரியுமா? ஹெல்மெட் கேமராவுல ஒரு மீட்டர் கூட விடுபடாது. பட்டியல் அப்படியே இருக்கும். வரியும் இருக்கும்.

மண்தடம்
தடம் விடுபடாது, சரிவு விடுபடும். சாயங்காலத்துலேருந்து கேக்கறேன், ஒரு வீடியோ, ஒரு இடம், எத்தனை டிகிரி? இன்னும் வரலை.

கத்திப்பாரா வளைவு
நீங்க செமனுக் வீடியோவுல எத்தனை டிகிரின்னு சொல்லுங்க முதல்ல.